விரிசலை வென்ற வித்தகர் பிரெசினே

நாட்டை ஆண்டவர்களின் வரலாற்றையும் ஏட்டை ஆண்டவர்களின் வரலாற்றையும் நம் மன்ற மலரில் ஆண்டுதோறும் படித்து மகிழ்கிறோம். ஆற்றுக்குப் பாலம் அமைத்தவர்களின் வரலாற்றை அவ்வளவாகப் படிப்பதில்லை. பாலத்தின் மீது செல்வோர்க்கு அதைக் கட்டியவர் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமும் எழாது. பாலம் விழுந்தால்தான் கட்டியவர் யார் என்று கேட்கிறோம்! விழாத பாலங்களைக் கட்டிய ஒருவரின் வாழ்வை இங்கே சொல்ல விழைகிறேன்.

அவர் பெயர் யூஜேன் பிரெசினே. பிரெஞ்சு நாட்டவர். 1879-இல் பிறந்து 1962-இல் மறைந்தார். இன்று உலகெங்கும் நீண்ட பாலங்கள் நிற்பதற்கு அடிப்படையான முன்தகைவுக் கான்கிரீட்டின் தந்தை என்று பொறியியல் உலகம் அவரைப் போற்றுகிறது. நான் பொறியியல் பயின்றவன் அல்லன். இயற்பியல் முதுகலை மாணவன். ஆயினும் பொருள்களின் மீள்தன்மையைப் பற்றிப் படிக்கும்போது இவர் வாழ்வில் என் நெஞ்சம் நின்றுவிட்டது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதனை உரிய இடத்தில் கூறுவேன்.

இளமை

பிரெஞ்சு நாட்டின் நடுப்பகுதியில் கொரேஸ் என்னும் மேட்டுநிலப் பகுதி உள்ளது. அங்குள்ள ஓப்ஜா என்னும் சிற்றூரில் 1879-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 13-ஆம் நாள் பிரெசினே பிறந்தார். வளம் குன்றிய மண். கைத்தொழிலும் உழவும் கலந்த வாழ்வு. வேண்டிய பொருளைக் கடையில் வாங்காமல் தாமே செய்துகொள்ளும் மக்கள். குறைந்த பொருளைக் கொண்டு நிறைந்த பயன் காணும் அந்தக் கைவினைஞர் மரபையே தம் முதற் பள்ளியாக அவர் பிற்காலத்தில் பெருமையுடன் கருதினார். பெரும் பட்டங்கள் பெற்ற பின்னரும் தம்மைக் கைவினைஞர் என்று சொல்லிக்கொள்வதிலேயே அவருக்கு மகிழ்ச்சி.

குடும்பம் பாரிசு நகரில் குடியேறியது. பிரெஞ்சு நாட்டின் புகழ்மிக்க பல்தொழில் உயர்பள்ளியில் சேர முதல்முறை முயன்றபோது அவர் வெற்றி பெறவில்லை. அடுத்த ஆண்டு 1899-இல் இடம் கிடைத்தது. பின்னர்ப் பாலங்கள், சாலைகள் பற்றிய அரசுப் பொறியியற் பள்ளியில் பயின்றார். அங்கே சார்ல் ரபூ என்னும் பேராசிரியர் இரும்புக் கம்பி இட்ட கான்கிரீட்டைப் பற்றிப் பாடம் சொன்னார். அந்நாளில் அது புதுப்பொருள். அந்த வகுப்பில் அமர்ந்திருந்த மாணவரின் உள்ளத்தில் ஓர் எண்ணம் முளைத்தது. கான்கிரீட்டைச் சுமை வருமுன்னரே இறுக்கி வைத்துவிட்டால் என்ன? எண்ணம் முளைத்தபோது அவருக்கு வயது இருபத்தைந்துகூட ஆகவில்லை. அது கனியாவதற்கோ மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று!

மூன்று பாலங்கள்

1905-இல் மூலேன் என்னும் ஊரில் அரசுப் பொறியாளராக அமர்ந்தார். ஏழை ஊராட்சிகளுக்குச் சிறு சிறு பாலங்கள் கட்டித் தருவது வேலை. கையில் காசில்லாத ஊர்களுக்கு மலிவாகக் கட்ட வேண்டும். மலிவாகக் கட்டுவதற்கோ மூளையைச் செலவிட வேண்டும். அவர் செலவிட்டார்.

அங்கே அல்லியே என்னும் ஆறு ஓடுகிறது. அதன் மீது வேர்தர் என்ற ஊரில் கல்லால் பாலம் கட்டப் பெருந்தொகை மதிப்பிடப்பட்டிருந்தது. அந்த ஒரு பாலத்துக்கான தொகையிலேயே அதே ஆற்றின் மீது மூன்று பாலங்கள் கட்டித் தருவதாகப் பிரெசினே திட்டம் வகுத்தார். மெர்சியே என்ற ஒப்பந்தக்காரர் அவரை நம்பிப் பணத்துடன் முன்வந்தார். நம்பியவரை ஏமாற்றக் கூடாது அன்றோ? எனவே முதலில் 50 மீட்டர் அகலமுள்ள ஒரு சோதனை வளைவைக் கட்டிப் பார்த்தார். வளைவின் இரு கால்களும் விலகி ஓடாமல் இருக்க, வன்மை மிக்க எஃகுக் கம்பிகளை இழுத்து இறுக்கிய ஒரு கட்டினால் பிணைத்தார். உள்ளத்தில் முளைத்த எண்ணத்துக்கு அது முதல் உருவம் எனலாம்.

இரவில் ஒரு மிதிவண்டி

வேர்தர்ப் பாலம் எழுந்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 மீட்டர் அகலமுள்ள மூன்று வளைவுகள். மெல்லிய, தட்டையான வளைவுகள். கண்டோர் வியந்தனர். ஆனால் 1911-ஆம் ஆண்டில் பிரெசினே ஒன்றைக் கண்டார். பாலத்தின் கைப்பிடிச் சுவர் நேர்கோட்டில் இல்லை! வளைவுகளின் உச்சி நாளுக்கு நாள் தாழ்ந்து வந்தது. முடிவில் தாழ்வு 13 செண்டிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டது. இன்னும் சற்றுத் தாழ்ந்தால் மூன்று வளைவுகளும் ஆற்றில் விழும்.

அந்நாளைய விதிநூல்களின்படி இது நடக்கவே கூடாத ஒன்று. சுமை ஏறினால் கான்கிரீட்டு சிறிது சுருங்கும், அத்துடன் நின்றுவிடும், இவ்வாறே நூல்கள் கூறின. நூலை நம்புவதா, கண்ணை நம்புவதா? நூலை நம்பியிருந்தால் பாலம் போயிருக்கும். பிரெசினே கண்ணை நம்பினார்.

மேலிடத்துக்கு ஓலை எழுதி ஆணைக்குக் காத்திருக்க நேரமில்லை. இரவோடு இரவாக மிதிவண்டியில் வேர்தருக்கு விரைந்தார். நம்பிக்கைக்குரிய ஒரு சிலரை உறக்கத்திலிருந்து எழுப்பினார். வளைவுகளின் உச்சியில் அழுத்துபொறிகளைப் பொருத்துவதற்கு இடம் விட்டே பாலத்தைக் கட்டியிருந்தார். ஆம், இடர் வருமுன்னரே இடருக்கு வழி வைத்திருந்தார்! அந்த இடங்களில் பொறிகளை மீண்டும் பொருத்தினர். விடிந்து, மட்டக்கருவியில் பார்க்க வெளிச்சம் வந்ததும் மூன்று வளைவுகளையும் ஒருசேர மெல்ல மெல்ல உயர்த்தினர். அன்று சந்தை நாள். வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. சில நிமிடங்களுக்கு ஒருமுறை வேலையை நிறுத்தி வண்டிகளுக்கு வழிவிட்டனர். மேலே சென்ற உழவர்களுக்குத் தம் காலடியில் என்ன நடக்கிறது என்பதே தெரியாது. வளைவுகள் நிமிர்ந்தன. இரண்டாம் உலகப் போர் அதை அழிக்கும்வரை அந்தப் பாலம் அசையாமல் நின்றது. உடன்பிறந்த பாலங்களுள் ஒன்றான பூத்திரோன் பாலம் இன்றும் நிற்கிறது.

பாலம் பிழைத்தது, ஆனால் கேள்வி அவரை விடவில்லை. கான்கிரீட்டு ஏன் நாளடைவில் தளர்ந்து சுருங்கியது? சுமை தொடர்ந்து இருந்தால் கான்கிரீட்டும் மெழுகைப்போல, ஆனால் மிக மெதுவாக, விட்டுக்கொடுக்கிறது. தவழ்வு என்று இதனை இன்று கூறுகிறோம். இதனை ஆராய்ந்து அளந்து உறுதி செய்வதற்குள் முதல் உலகப் போர் வந்தது, ஆண்டுகள் உருண்டன. ஒர்லியில் 300 மீட்டர் நீளமுள்ள வான்கப்பற் கொட்டகைகள் இரண்டை எழுப்பினார். பிரெஸ்து நகரின் அருகே புலுகஸ்தெல் என்னுமிடத்தில், ஒவ்வொன்றும் 180 மீட்டருக்கு மேற்பட்ட மூன்று வளைவுகளால் ஒரு பாலம் அமைத்தார். ஒரே மரச் சாரத்தைத் தெப்பம்போல் மிதக்கவிட்டு, மூன்று வளைவுகளுக்கும் அதனையே பயன்படுத்தினார்! 1930-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தை விட நீண்ட கான்கிரீட்டு வளைவு அந்நாளில் உலகில் இல்லை. அங்கேதான் தவழ்வைப் பற்றிய தம் அளவீடுகளையும் அவர் முதிரச் செய்தார்.

கல்லின் குறையும் கம்பியின் குறையும்

கான்கிரீட்டு அழுத்தத்தைத் தாங்கும்; இழுப்பைத் தாங்காது. ஒரு பீம் சுமையில் வளையும்போது அதன் மேற்புறம் அழுந்துகிறது, அடிப்புறம் இழுபடுகிறது. அடியில் விரிசல் விழுகிறது. அதனால்தான் அடியில் கம்பி வைக்கிறோம். ஆனால் கம்பி விரிசலைத் தடுப்பதில்லை. விரிசல் வந்தபின் விழாமல் பிடித்துக்கொள்கிறது.

கொத்தனார் வரிசையாகச் செங்கற்களை இரு உள்ளங்கைகளுக்கிடையே வைத்து இறுக்கித் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கற்களுக்கு நடுவே சாந்து இல்லை, கம்பி இல்லை. இறுக்கம் ஒன்றே அவற்றை ஒரு பீம் ஆக்குகிறது! மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைச் சூடாக்கி மாட்டுகிறார்களே, அதுவும் இதே தத்துவந்தான். பட்டை குளிர்ந்து சுருங்கி மரத்துண்டுகளை இறுக்கிப் பிடிக்கிறது. இவ்வாறே கான்கிரீட்டுக்குள் கம்பியை இழுத்துக் கட்டிவிட்டால், கம்பி சுருங்க முயலும், கான்கிரீட்டு இறுகும். பின்னால் சுமை வந்து இழுத்தாலும், முதலில் இந்த இறுக்கம் தளர வேண்டும். அதன் பிறகே விரிசல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அமெரிக்காவிலும் செருமனியிலும் சிலர் இதனை முயன்றனர். முயன்றவர் தோற்றனர். ஏன்? கணக்கைப் பாருங்கள். அந்நாளைய சாதாரண இரும்புக் கம்பியை அதன் அளவுக்கு இழுத்தால் ஒரு மீட்டருக்கு முக்கால் மில்லிமீட்டர்கூட நீளாது. கான்கிரீட்டு உலர்ந்து சுருங்குவதாலும் தவழ்வாலும் நாளடைவில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ அதே அளவு குறைந்துவிடும். இழுத்ததெல்லாம் போயிற்று! வன்மை மிக்க எஃகை இழுத்தாலோ ஒரு மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் நீளும். அதில் ஒரு மில்லிமீட்டர் போனாலும் நான்கு எஞ்சும். வேர்தரில் கண்ட தளர்ச்சியை அளந்தவருக்கே இந்தக் கணக்கு விளங்கியது. பாலத்தை வீழ்த்த வந்த பகையே புதிய கலையின் திறவுகோல் ஆயிற்று.

ஐம்பதாம் வயதில் ஒரு தொடக்கம்

1928-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், ழான் சேயாய் என்பவருடன் சேர்ந்து அவர் தம் கண்டுபிடிப்புக்கு உரிமை பெற்றார். அப்போது வயது 49. புகழ் இருந்தது, பொருள் இருந்தது, பெரிய நிறுவனத்தில் உயர்ந்த இடம் இருந்தது. நிறுவனத்துக்குப் புதிய கருத்தில் நம்பிக்கை பிறக்கவில்லை. பிரெசினே வெளியேறினார். தம் கைப்பொருள் முழுவதையும் போட்டு மோந்தார்ஜி என்னும் ஊரில் ஒரு தொழிற்சாலையில் இறங்கினார். அங்கே அவர் செய்தவை என்ன? அரண்மனைகள் அல்ல, பாலங்கள் அல்ல, மின்கம்பங்கள்!

கம்பங்கள் மெலிந்தும் வலிந்தும் உருவாயின. கான்கிரீட்டை அதிரச் செய்து கெட்டிப்படுத்தவும், சூடேற்றிச் சில மணி நேரத்தில் இறுகச் செய்யவும் அங்கேதான் அவர் வழி கண்டார். ஆனால் 1929-இல் தொடங்கிய பொருளாதார மந்தம் உலகைக் கவ்வியது. கம்பங்களை வாங்குவார் இல்லை. சில ஆண்டுகளில் சேர்த்த செல்வம் எல்லாம் கரைந்தது. ஐம்பது கடந்த வயதில் வெறுங்கையுடன் நின்றார். கொள்கைக்காகச் செல்வத்தை இழந்த புலவர்களை நாம் போற்றுகிறோம். ஒரு கம்பத்துக்காகச் செல்வத்தை இழந்த இவரை என்னென்பது!

வாய்ப்பு ஒரு துன்பத்தின் வடிவில் வந்தது. லெ ஆவர் துறைமுகத்தில் பெருங்கப்பல்களுக்காகக் கட்டிய புதிய நிலையம் சேற்றுமண்ணில் அமிழ்ந்துகொண்டிருந்தது. மாதந்தோறும் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர்! பிறர் கைவிட்டபோது பிரெசினே முன்வந்தார். தனித்தனியே நின்ற அடித்தளங்களுக்கு இடையே புதிய கான்கிரீட்டை இட்டு, எல்லாவற்றையும் எஃகுக் கம்பிகளால் இறுக்கி ஒன்றாக்கினார். கட்டடத்தின் எடையையே துணையாகக் கொண்டு, அழுத்துபொறிகளால் தூண்களை ஆழத்தில் இறக்கினார். நிலையம் நின்றது. ஏளனம் செய்த உலகம் திரும்பிப் பார்த்தது. கம்பெனோன் என்ற கட்டட நிறுவனத்தார் அவருடன் கைகோத்தனர். 1939-இல் கம்பியின் முனையைக் கூம்பு வடிவ ஆப்பினால் பிடிக்கும் முறையை அவர் வகுத்தார். அதன் பின் முன்தகைவு எங்கும் எவரும் செய்யத்தக்க தொழில் ஆயிற்று.

சாய்ந்து வரும் விரிசல்

நண்பர்களே, இவ்விடத்தில் சற்று நின்று ஒரு நுட்பத்தைக் காண்போம். பீமின் நடுவில் அடியிலிருந்து செங்குத்தாக எழும் விரிசல் ஒருவகை. தூணின் அருகே சாய்வாக விழும் விரிசல் மற்றொரு வகை. இரண்டாவதே கொடியது. சுமை கீழே தள்ளுகிறது. தூண் மேலே தள்ளுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே கத்தரிக்கோல்போல் வெட்டு விசை தோன்றுகிறது. அதன் விளைவாகப் பீமின் உடலில் சாய்வான திசையில் ஓர் இழுப்பு உண்டாகிறது. இந்த இழுப்பை அடிக்கம்பி தடுக்காது. பீமைச் சுற்றிக் கட்டும் வளையங்களே தடுக்கும்.

முன்பு சொன்ன காரணம் இங்கேதான் வருகிறது. என் தந்தையார் வேலூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பிழைப்புத் தேடிச் சித்தூருக்கு வந்தவர். கட்டடங்களுக்குக் கம்பி கட்டுவது அவர் தொழில். அந்த வளையங்களைக் கட்டட வேலை செய்வோர் ரிங்கு என்பர். தூணின் அண்டையில் ரிங்குகளை நெருக்கியும் நடுவில் அகட்டியும் கட்ட வேண்டும் என்பது அவருக்கு இளமையிலேயே கைவந்த பாடம். ஏன் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லும் நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. வேலையிடத்தின் பேச்சோ பாதி தமிழ், பாதி தெலுங்கு. காரணம் தெரியாதவரிடம், இரண்டு ரிங்கைக் குறைத்தால் என்ன என்று எவரும் எளிதாகக் கேட்டுவிடலாம். காரணம் தெரிந்தவரிடம் அப்படிக் கேட்க இயலாது. இந்த வரலாற்றை நான் தமிழில் எழுத விழைந்தது இதனாலேயே.

முன்தகைவு இந்தச் சாய்ந்த விரிசலை என்ன செய்கிறது? ஒரு கணக்குப் போடுவோம். பீமின் உடலில் ஓரிடத்தில் வெட்டுத் தகைவு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2 நியூட்டன் என்க. இறுக்கம் இல்லாவிடில் சாய்வு இழுப்பும் அதே 2 நியூட்டன். விரிசல் 45 பாகைச் சாய்வில் விழும். அதே இடத்தில் நீளவாக்கில் 6 நியூட்டன் அழுத்தம் கொடுத்துப் பாருங்கள். சாய்வு இழுப்பு 0.6 நியூட்டனாகக் குறைந்துவிடுகிறது! மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. விரிசல் வந்தாலும் ஏறத்தாழ 17 பாகைச் சாய்வில் படுத்துக்கொண்டு செல்லும். படுத்துச் செல்லும் விரிசல் நீண்ட தொலைவு போக வேண்டும்; போகும் வழியில் மும்மடங்குக்கு மேல் ரிங்குகள் அதனைக் குறுக்கே பிடிக்கும். மேலும், கம்பியைத் தொட்டில் கயிறுபோல் நடுவில் தாழ்த்தி முனைகளில் உயர்த்திவிட்டால், அது சுமையின் ஒரு பகுதியை மேல்நோக்கித் தானே தூக்கிவிடுகிறது.

இறுக்கத்துக்கு எதிரானது இழுப்பு. அது என்ன செய்யும் என்பதற்கு 1955-இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் இடிந்த விமானப்படைக் கிடங்கு சான்று. அதன் கூரைப் பீம்கள் முன்தகைவு இல்லாதவை. சுருக்கத்தால் நீளவாக்கில் இழுப்பு ஏற்பட்டிருந்த அவை, போதிய ரிங்குகள் இல்லாத இடத்தில் வெட்டு விசையால் முறிந்தன. வெட்டு விசையைப் பற்றிய விதிகளைப் பல நாட்டார் திருத்தி எழுத அது தூண்டுகோலாயிற்று.

பிரெசினே இதனினும் ஒரு படி மேலே சென்றார். மார்ன் ஆற்றின் மீது லூசான்சி என்னும் ஊரில் 1941-இல் தொடங்கிப் போரினால் தடைப்பட்டு 1946-இல் முடித்த 55 மீட்டர்ப் பாலத்தில், நீளவாக்கில் மட்டுமன்றிக் குறுக்கிலும் செங்குத்திலும் கான்கிரீட்டை இறுக்கினார். ரிங்கு விரிசலுக்குக் காத்திராமல், முன்கூட்டியே அதனையும் இழுத்துக் கட்டினார் என்று கொள்ளலாம். தொடர்ந்து அதே ஆற்றில் 74 மீட்டர் அகலத்தில் ஐந்து பாலங்கள் எழுந்தன.

ஆயினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. முன்தகைவு பெற்ற பீமின் நடுவுடல் மெலிந்தது. அங்கே விரிசல் பிந்தியே வரும். ஆனால் வந்தால் திடீரென வரும். எனவே கணக்கில் தேவை இல்லை என்று தோன்றினாலும் குறைந்த அளவு ரிங்காவது வைக்க வேண்டும் என்று விதிகள் வற்புறுத்துகின்றன. பிரெசினேயின் பிடிவாதம் ஒன்றையும் காலம் ஏற்கவில்லை. கான்கிரீட்டில் இழுப்பே இருத்தல் ஆகாது, பாதி முன்தகைவு என்பது முன்தகைவே அன்று என்பது அவர் கொள்கை. இன்றைய இந்திய விதிநூலோ மூன்று வகைகளை ஒப்புக்கொள்கிறது. மூன்றாம் வகையில் பொதுவாக 0.2 மில்லிமீட்டர் வரை விரிசலுக்கும் இடம் தருகிறது. நூலை நம்பாமல் கண்ணை நம்பியவரின் சொல்லையும் பின்வந்தோர் கண்கொண்டு ஆராய்ந்தனர். இது அவருக்கு இழுக்கன்று. அவர் காட்டிய வழியே அது.

நம் ஊரில் அவர்

பிரெஞ்சு நாட்டுப் பிரெசினேக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நந்தி மலையில் தோன்றிச் சித்தூர் மாவட்டத்தின் குப்பம் பகுதி வழியாகத் தமிழகம் புகும் பாலாறு, செங்கற்பட்டின் அருகே கடலை நோக்கி விரிகிறது. இந்தியாவின் முதல் முன்தகைவுக் கான்கிரீட்டுச் சாலைப் பாலம் அங்கே அந்த ஆற்றின் மீதுதான் 1954-இல் அமைந்தது. திருப்பதியில் திருவேங்கடவன் பெயரால் பல்கலைக்கழகம் தோன்றியதும் அதே 1954-இல்தான்.

திருப்பதியிலிருந்து பாகாலை வழியாகச் சித்தூருக்கு ரயிலில் செல்வோர் சன்னலுக்கு வெளியே பாருங்கள். தண்டவாளத்தைத் தாங்கிக் கிடக்கும் கான்கிரீட்டுக் கட்டைகள் முன்தகைவு பெற்றவை. வண்டி ஒவ்வொரு முறை ஓடும்போதும் அதிர்ச்சியைத் தாங்கி, விரிசலின்றிக் கிடக்கின்றன. சற்றுத் தொலைவில் மாந்தோப்புகளினூடே உழவர்களின் கிணறுகளுக்கு மின்சாரம் கொண்டு செல்லும் கான்கிரீட்டுக் கம்பங்களைப் பாருங்கள். அவையும் முன்தகைவு பெற்றவையே. மோந்தார்ஜியில் வாங்குவாரின்றிப் பிரெசினேயின் செல்வத்தை விழுங்கிய அதே பொருள், இன்று நம் சிற்றூர்களில் வயலுக்கு வயல் நிற்கிறது!

1962-ஆம் ஆண்டு சூன் 8-ஆம் நாள், தம் 82-ஆம் வயதில் பிரெசினே மறைந்தார். திருமலைக்கு 1944-இல் திறந்த முதல் மலைச்சாலையை வகுத்துத் தந்த விசுவேசுவரய்யா அவர்கள் நூறாண்டு கடந்து மறைந்ததும் அதே ஆண்டில்தான். இருவரும் உழைப்பையே வழிபாடாகக் கொண்டவர்கள்.

பிரெசினேயின் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? சுவரில் விரிசல் கண்டால் சுண்ணாம்பு பூசி மறைப்பது எளிது. அது எங்கே தோன்றியது, எந்தப் பக்கம் சாய்கிறது, ஏன் சாய்கிறது என்று கேட்பது அரிது. கேட்டவர் ஒரு பாலத்தைக் காத்தார்; கேள்வியை விடாததால் ஒரு கலையைப் படைத்தார். ஆய்வுக்கூடத்தில் அமரும் நாமும், வெயிலில் நின்று கம்பி கட்டும் நம் தந்தையரும் ஒரே கேள்வியை ஒரே மொழியில் கேட்கத் தொடங்கும் நாளில், நம் ஊரில் எழும் கட்டடங்கள் இன்னும் உறுதியாக நிற்கும். அந்த நாளை விரைவில் கொணர்வது தமிழில் அறிவியல் எழுதும் நம் கையில் இருக்கிறது.